அப்பா எங்க முன்னாடி குடிச்ச அந்த ஒரு பீர்

பார் கார்டை ஓட்டல் தம்பி அப்பா முன்னாடி ஒண்ணு வெச்சாரு, அண்ணன் முன்னாடி ஒண்ணு வெச்சாரு. எனக்கும் நங்கைக்கும் வெக்கல. (எங்க பக்கம் அண்ணியை நங்கைன்னுதான் கூப்பிடுவோம்.) எங்க ரெண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் கார்டு வந்துச்சு.

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சுங்க.

டேபிள் புக் பண்ணுனது நான். கார் ஓட்டிட்டு வந்தது நான். காசு குடுக்கப்போறதும் நான்தான். "தம்பி, அதுல ஒண்ணு இங்கயும் குடுங்க"ன்னேன்.

"அது டிரிங்க்ஸ் கார்டுங்க மேடம்."

"தெரியுதுங்க தம்பி. அதைத்தான் கேக்கறேன்."

கொண்டுவந்து குடுத்துட்டாரு. பாவம், இருபத்திரண்டு வயசு இருக்கும், அவரு மேல தப்பில்ல. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்தக் கடை பேரும் இங்க வேண்டாம். கோயமுத்தூர்ல ஒரு ஸ்டார் ஓட்டல், மாடியில பார்பிக்யூ, அதோட சேந்த பார். அவ்வளவு போதும். ஏன்னா அந்தக் கோவத்தைச் சொல்றதுக்காக நான் இதை எழுத உக்காரல. அதுக்கப்பறம் நடந்ததுக்காகத்தான்.

மொதல்ல எதுக்குப் போனோம்னு சொல்லிடறேன்.

எங்க வீடு திருமுருகன்பூண்டிங்க. திருப்பூர்ல இருந்து அவினாசி போற வழியில, ரோட்டோரம் கல்லு கொத்தற சத்தம் கேட்டுட்டே இருக்குமே, அந்த ஊரு. சேரமான் பெருமாள் குடுத்த பொன்னோட வந்த சுந்தரரைச் சிவபெருமானோட பூதகணங்க வேடனாட்டம் வேசம் போட்டு வழிமறிச்சுப் பறிச்ச கதை இருக்கில்ல, அது எங்க கோயில் கதை. 2021ல ஊரு நகராட்சி ஆச்சு. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து எங்க ஆபீஸ்ல யார் மூஞ்சியிலயும் சிரிப்பே இல்ல. அப்படி இருக்கறப்ப ஐரோப்பாவுக்கு ஒரு குழந்தைத் துணி ஆர்டர் கெடச்சுது. பன்னெண்டு கலர். லேப் டிப், அதான் சாயச் சாம்பிள், அதோட அப்ரூவலுக்கே மூணு வாரம் இழுத்தாங்க. ஒரு கலர்ல ஷேடு மாறி, டையிங்ல இருந்து திரும்பி வந்து, மறுபடி போயி... எப்படியோ சொன்ன தேதிக்கு ஷிப்மெண்ட் போயிருச்சு. கையில கொஞ்சம் இன்சென்டிவ் வந்துச்சு.

அந்தக் காசுல அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்னு தோணுச்சு. அப்பா முப்பத்தஞ்சு வருசம் பனியன் கம்பெனியில சிங்கர் மெஷின் டெய்லரு. என்னைப் படிக்க வெச்சது பூரா பீஸ் ரேட்டுக் காசு.

அப்பா, அம்மா, அண்ணன், நங்கை, அண்ணன் பையன், நான். ஆறு பேரு கெளம்பினோம்.

உக்காந்த ஒடனே ஒரு தம்பி இரும்புத் தட்டுல தணல் கொண்டுவந்து மேசை நடுவுல இருக்கற குழியில எறக்கினாரு. அண்ணன் பையன் "தாத்தா, டேபிளுக்குள்ள அடுப்பு!"ன்னு கத்தினான். பக்கத்து டேபிள்ல எல்லாரும் சிரிச்சாங்க.

இந்த மாதிரி மேசையிலயே நெருப்பு வெக்கற பழக்கத்தை நம்ம நாட்டுல ஊரெல்லாம் பரப்புனது பார்பிக்யூ நேஷன்தான். 2006ல மும்பையில ஆரம்பிச்சாங்க, 2021ல பங்குச்சந்தைக்கே வந்துட்டாங்க. மேசையில ஒரு குட்டிக் கொடி இருக்கும். கொடி நிக்கற வரைக்கும் கம்பி கம்பியா வந்துட்டே இருக்கும், போதும்னா சாச்சு வெச்சுரணும். அதைப் பாத்துட்டு அப்பறம் நெறைய பேரு தொடங்கிட்டாங்க. நாங்க போனதும் அந்த வகைதான்.

கறி அந்த நெருப்புலயே பூராவும் வேகும்னு நெனச்சிருந்தேன். கெடையாதுங்க. உள்ள கிச்சன்லயே வெந்துதான் வருது. மேசைத் தணல் சூடு ஆறாமப் பாத்துக்கும், மேல லேசா ஒரு கருகல் குடுக்கும். பக்கத்துல கிண்ணத்துல மசாலாவும் எண்ணெயும் ஒரு பிரஷ்ஷும் வெச்சிருப்பாங்க, அதைத் தடவித் தடவித் திருப்பிக்கணும். இது தெரியாம மொத ரெண்டு கம்பியை அண்ணன் வேகட்டும் வேகட்டும்னு விட்டு, கறி விறகாட்டம் ஆயிருச்சு. போறவங்க ஞாபகம் வெச்சுக்கங்க. கொஞ்சம் திருப்பிட்டு ஒடனே எடுத்துரணும்.

அப்பா கறியைப் பாக்கல. குனிஞ்சு தணலையே பாத்துட்டு இருந்தாரு.

"இது தொட்டிக்கரி"ன்னாரு.

(தேங்காச் சிரட்டையை நாங்க தொட்டின்னு சொல்லுவோம்.)

பாத்தவொடனே தெரியுது அவருக்கு. வெறகுக் கரின்னா பொரி பறக்கும், பொகையும். தொட்டிக்கரி பத்திக்கறதுக்கு நேரமாகும், பத்திக்கிட்டா சத்தமில்லாம செவசெவன்னு நின்னு எரியும், சாம்பலும் கம்மி. அம்மா ஊரு காங்கயம் பக்கம். கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையுமா இருக்கற பூமி. கொப்பரை எடுத்த மிச்சம் மலை மலையா தொட்டி கெடக்கும், அதைச் சுட்டுக் கரியாக்கி லாரி லாரியா அனுப்புவாங்க, வெளிநாட்டுக்கும் போகுது. கரி சுடற எடத்துல தண்ணி கெட்டுப்போயி, கெணத்துக்காரங்க போராடுன கதையும் எங்க ஜில்லாவுல உண்டு. அப்ப அந்த மேசை நடுவுல எரியறது எங்க ஊருக் கரிங்கறது மாதிரியே அம்மா பேச ஆரம்பிச்சுட்டாங்க. கோழியையும் யோசிச்சுப் பாருங்க. கறிக்கோழிக்குப் பண்ணை விலை தெனமும் நிர்ணயம் பண்றது பல்லடத்துல இருக்கற பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு. சுகுணா கம்பெனி 1984ல தொடங்குனது உடுமலைப்பேட்டையில. மெனு கார்டுல என்னமோ மெக்சிகோ, மொராக்கோன்னு எழுதியிருந்துச்சு. கரியும் கோழியும் நம்ம பக்கத்துச் சமாச்சாரம்.

சரி, பீருக்கு வர்றேன்.

கார்டை வாங்கிப் படிச்சுட்டு நிமுந்து பாத்தா, அப்பா அவரோட கார்டைத் தொறக்கவே இல்ல. மூடி, அதுமேல தண்ணி டம்ளரை எடுத்து வெச்சுட்டாரு.

நான் கேட்டேன். "அப்பா, ஒரு பீர் சொல்லட்டுங்களா?"

மேசையே அமைதியாயிருச்சு. அண்ணன் என்னைப் பாக்கறான். நங்கை பையனோட தலைமுடியைச் சரிபண்றாங்க. அம்மா மட்டும் தணலைப் பாத்துட்டே சொன்னாங்க. "கேக்கறாள்ல. சொல்லுங்க."

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விசயம்னு சொல்லணும்னா, சனிக்கிழமையைப் பத்திச் சொல்லணும்.

திருப்பூர்ல சனிக்கிழமைதான் சம்பளம். வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா ரோட்டுல கூட்டம் தாங்காது. பேக்கரி, துணிக்கடை, கறிக்கடை, எல்லாத்துலயும் கூட்டம். ஒயின்ஷாப்புலயும் கூட்டம். நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப அப்பா அன்னிக்கு மட்டும் லேட்டா வருவாரு. வாசப்பக்கம் வரமாட்டாரு. பொடக்காணி, அதான் வீட்டுப் பின்பக்கம், அந்த வழியா வந்து, துணி தொவைக்கற கல்லு மேல செவுத்தைப் பாத்து உக்காந்துக்குவாரு. அம்மா தட்டைக் கொண்டுபோயி அங்கயே வெச்சுட்டு வந்துருவாங்க. "அப்பா பக்கத்துல போகாதீங்க, கை கழுவிட்டுப் படுங்க"ம்பாங்க.

அடிச்சதில்ல. கத்துனதில்ல. சம்பளக் கவரை அம்மா கையில குடுக்காமப் போனதும் இல்ல. எனக்கும் அண்ணனுக்கும் வாழையெலையில மடிச்சு, பேப்பர் சுத்தி, சில்லி சிக்கன் பொட்டலம் ஒண்ணு கண்டிப்பா வரும். அதைச் சமையக்கட்டு ஜன்னல் திட்டுல வெச்சுட்டுப் போயிருவாரு. கையில குடுக்கமாட்டாரு. மெஷின் எண்ணெயும் பிராந்தியும் சேந்த அந்த வாசம் எனக்கு இன்னும் மூக்குல இருக்கு. அப்பாவோட முதுகுதான் எனக்கு சனிக்கிழமை.

எங்க வீதியில எங்களைவிட மோசமான சனிக்கிழமைங்களும் இருந்துச்சு. சம்பளக் கவரே வீட்டுக்கு வராத வீடு, பொம்பளைங்க புள்ளைங்களோட கடை வாசல்ல போயி நிக்கற வீடு, முப்பத்தெட்டு வயசுல ஈரல் கெட்டுச் செத்துப்போன எதிர்வீட்டு அண்ணன். அதெல்லாம் பாத்து வளந்தவதான் நான். அதனால குடி நல்லதுன்னு ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனா எனக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம ஊருல குடிக்கறதுக்குன்னு இருக்கற எடம் மனுசன் உக்காரற மாதிரியா இருக்கு?

டாஸ்மாக்னு ஒரு நிறுவனம் 1983ல வந்துச்சு. 2003 நவம்பர்ல இருந்து சில்லறைக் கடையும் அரசாங்கத்தோடதே ஆயிருச்சு. 2016ல, 2017ல, 2023ல ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு ஐந்நூறு கடையா மூடுனாங்க, நல்லதுதான். மிச்சம் இருக்கற கடையில பகல் பன்னெண்டு மணிக்குத் தொறந்து ராத்திரி பத்து வரைக்கும் விக்கறாங்க. பக்கத்துல பாருன்னு ஒண்ணு. தகரக் கூரை, ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகா பாக்கெட்டு. பெரும்பாலானவங்க நின்னுட்டே குடிக்கறாங்க. வெறும் வயித்துல, பத்து நிமிசத்துல ஒரு குவாட்டர். யாராச்சும் தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு பயந்துட்டு. நல்ல எடமா, உக்காந்து, சாப்பாட்டோட, குடும்பத்தோடன்னா ஸ்டார் ஓட்டலுக்குத்தான் போகணும். அங்க ஒரு பீருக்குக் குடுக்கற காசு பனியன் கம்பெனிக் கூலிக்காரங்களுக்குக் கட்டுபடியாகாது.

அம்மாவோட அப்பா, எங்க அப்புச்சி, கள்ளு குடிப்பாராம். தோப்புல எறக்குனது, சாயங்காலம் பங்காளிகளோட உக்காந்து, சுட்ட கருவாடோ கறியோ வெச்சுக்கிட்டு. முடிச்சுட்டு வந்து வீட்டுல புள்ளைங்களோடவே உக்காந்து களி சாப்பிடுவாராம். 1987ல கள்ளுக்குத் தடை வந்துச்சு. தென்னையும் பனையும் அங்கயேதான் நிக்குது, எங்க கொங்கு விவசாயிங்க கள் இயக்கம்னு வெச்சு தடையை எடுக்கச் சொல்லி இன்னிக்கும் கேட்டுட்டே இருக்காங்க. அப்புச்சி காலத்துக் குடிக்கு ஒரு திண்ணை இருந்துச்சு. எங்கப்பா காலத்துக் குடிக்கு பொடக்காணிதான் கெடச்சுது. எனக்கு வெசனம் அதுதாங்க.

சின்ன பாட்டில் ஒண்ணு சொன்னோம். வந்துச்சு. தம்பி கிளாஸைச் சாச்சுப் பிடிச்சு நொரை ஏறாம ஊத்தி வெச்சாரு.

அப்பா கிளாஸை எடுத்தாரு. எடுத்து மேசைக்குக் கீழ மடியில வெச்சுக்கிட்டாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு.

அறுபத்திநாலு வயசு அவருக்கு.

"மேல வெச்சுக் குடிங்கப்பா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க"ன்னு அண்ணன் சொன்னான். நான் பேசல, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்த நேரம் பாத்து பையன் ஒரு சிக்கன் துண்டைக் கம்பியில இருந்து உருவி அப்படியே வாயில போட்டுட்டான். சூடு தாங்கல. துப்பவும் மனசில்ல. இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாத்தி மாத்தி உருட்டறான், ஹா ஹான்னு ஊதறான், கண்ணுல தண்ணி. அப்பா கிளாஸைச் சட்டுனு மேசை மேல வெச்சுட்டு அவன் வாய்க்கு நேரா விசிற ஆரம்பிச்சாரு. அப்பறம் கிளாஸ் மேலயேதான் இருந்துச்சு.

(இங்க ஒண்ணு சொல்லிக்கறேன். பொருநராற்றுப்படையில இதே காட்சி இருக்குங்க. முடத்தாமக்கண்ணியார் பாடுன சங்கப் பாட்டு. கரிகால் சோழன் வீட்டு விருந்துல, கம்பியில கோத்துச் சுட்ட கொழுத்த கறியை, சூடு பொறுக்காம வாய்க்குள்ள அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாத்தி மாத்தித் தின்னோம்னு அந்தப் பாட்டுக்காரன் சொல்றான். ராத்திரி பகலாத் தின்னு தின்னு, கொல்லையை உழுத கொழுவாட்டம் பல்லு தேஞ்சுபோச்சாம். கள்ளும் உண்டு அங்க, பொன் கிண்ணத்துல. காலேஜ்ல படிச்சப்ப பரிச்சைக்குன்னு படிச்சது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் வாயில உருண்ட கறி எங்க அண்ணன் பையன் வாயில உருளுதுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.)

அந்த ஒரு சின்ன பாட்டிலை அப்பா ஒரு மணி நேரத்துக்கு மேல குடிச்சாரு. நடுவுல இறால், மீன், அன்னாசிப்பழம். அன்னாசிப்பழத்தைச் சக்கரையும் மொளகாத்தூளும் தடவித் தணல்ல வெச்சா இவ்வளவு ருசியா இருக்கும்னு யாரும் என்கிட்டச் சொன்னதில்ல. ஓரம் கருகி, சக்கரை பாகாகி, கடிச்சா உள்ள சூடா புளிப்பு. அம்மா நாலு துண்டு வாங்கினாங்க. கறி சாப்பிடாத ஒறம்பரையைக்கூட இதுக்காகவே கூட்டிட்டு வரலாம்னாங்க.

பேச்சும் வந்துச்சு. அப்பா பேசுனாரு! மொத மொதல்ல கம்பெனியில சேந்தப்ப ஓவர்லாக் மெஷின்ல விரல்ல ஊசி ஏறுன கதை. ஏற்றுமதி சூடு பிடிச்ச காலத்துல தொடர்ந்து மூணு நாள் வீட்டுக்கு வராம ஷிப்ட் பாத்தது. 2011ல சாயப்பட்டறைங்களைக் கோர்ட்டு மூடச் சொன்னப்ப வேலையில்லாம ஆறு மாசம் ஒரு மளிகைக்கடையில மூட்டை தூக்குனது. அது எனக்கே தெரியாது. அப்ப நான் காலேஜ் ஆஸ்டல்ல இருந்தேன், மாசாமாசம் பணம் வந்துட்டுத்தான் இருந்துச்சு.

கடைசில அப்பா கிளாஸைப் பாத்துட்டு என்கிட்டச் சொன்னாரு.

"இதுக்கு இப்படி ஒரு ருசி இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது கண்ணு. அங்கெல்லாம் யாரு ருசி பாத்தா. மடக்குனு ஊத்திக்கிட்டு வந்தரோணும்."

இன்னொண்ணு வேணுங்களான்னு அண்ணன் கேட்டான். வேண்டாம், கறி இருக்குல்லன்னுட்டாரு.

நான் என்ன குடிச்சேன்னு கேப்பீங்க. வண்டி ஓட்டோணும், அதனால ஒண்ணும் இல்ல. நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தாலே கேசு, மொத தடவைக்கே பத்தாயிரம் அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் செயில், ரெண்டும் சேந்துகூட வரலாம். அதுக்காக மட்டும் இல்ல, பின்சீட்டுல ஏழு வயசுப் பையன் தூங்கிட்டு வர்றான். காக்டெயில் கார்டைப் படிச்சதுல எனக்குப் புடிச்சது ஜின் டானிக். டானிக் தண்ணி கசக்கறது கொய்னாவாலங்க. மலேரியா மருந்து. அது சின்கோனா மரத்துப் பட்டையில இருந்து எடுக்கறது, வெள்ளைக்காரன் 1860கள்ல நம்ம நீலகிரியில கொண்டுவந்து நட்டான், நடுவட்டத்துல பேக்டரியே இருந்துச்சு. காய்ச்சலுக்குக் குடிச்ச கசப்பை முழுங்கறதுக்கு ஜின்னும் எலுமிச்சையும் சேத்துக்கிட்டானாம். ஊட்டி டூர் போனப்ப நடுவட்டம் வழியாப் போயிருக்கோம், இது தெரியாமலேயே. நான் வெறும் டானிக்ல எலுமிச்சை பிழிஞ்சு வாங்கிக்கிட்டேன். வேப்பங்கொழுந்தை மென்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி ஒரு சுகம். கொழுப்புக் கறிக்கு அது பொருத்தம்.

நங்கை மாக்டெயில் ஒண்ணு சொன்னாங்க, நீலக் கலர்ல. பூரா சக்கரைப் பாகு. அதை மட்டும் யாரும் வாங்காதீங்க. எலுமிச்சை, புதினா, சோடா, உப்பு, இதைத் தாண்டி கலர் தண்ணி எதுவுமே நெருப்புக் கறிக்குப் பக்கத்துல நிக்காது. நம்ம நன்னாரி சர்பத்துல சோடா ஊத்தி ஒரு கல்லு உப்புப் போட்டா அந்தக் கார்டுல இருக்கற பாதியை ஓரங்கட்டிரும். இதை ஏன் எந்தக் கடையும் வெக்கமாட்டேங்கறாங்கன்னு எனக்கு நெசமாவே வருத்தம்.

பில் வந்துச்சு. சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு வரி. எடுத்துருங்கன்னேன், எடுத்துட்டாங்க, சண்டை ஒண்ணும் இல்ல. இது தெரியாமப் பல பேரு குடுத்துட்டு வர்றாங்க. 2022 ஜூலை 4ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓட்டல்காரங்க தானா சேக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு. 2025 மார்ச்ல டெல்லி ஐகோர்ட்டும் அதைச் சரின்னு சொல்லியாச்சு. எங்களைக் கவனிச்ச தம்பி கையில தனியாக் காசு குடுத்தேன். போறப்ப அவருகிட்டச் சொன்னேன், "அடுத்த தடவை கார்டை எல்லாருக்கும் வெச்சுருங்க தம்பி, வேண்டாதவங்க மூடி வெச்சுக்குவாங்க." சிரிச்சுட்டு "சரிங்கக்கா"ன்னாரு. மேடம் போயி அக்கா ஆயிட்டேன்.

வீட்டுக்கு வந்தப்பறம் ஒரு வாரம் எனக்கு அந்தத் தணல் ஞாபகமாவே இருந்துச்சு. மாசாமாசம் அங்க போக முடியாது. மொட்டை மாடி இருக்கு, அப்பா இருக்காரு, தொட்டிக்கரி காங்கயத்துல இருந்து மாமா ஒரு மூட்டை குடுத்துவிட்டாரு. ஆரம்பிச்சுட்டோம்.

யூடியூப்ல பாத்துட்டு அண்ணன் ஒரு டிரம் கொண்டுவந்தான், பாதியா வெட்டி அடுப்பாக்கலாம்னு. சாயப்பட்டறை டிரம். அப்பா பாத்தவொடனே வீதியிலயே நிறுத்திட்டாரு. தயவுசெஞ்சு யாரும் இதைப் பண்ணாதீங்க. திருப்பூர்ல கம்மி விலைக்குக் கெடைக்குதுன்னு கெமிக்கல் டிரம்முல கறி சுட்டுத் திங்கறது விசத்தைத் திங்கற மாதிரி. எத்தனை தடவை கழுவுனாலும் சரி.

அப்பறம் பக்கத்துச் சிற்பக்கூடத்துல மிச்சக் கல்லு நாலு துண்டு கேட்டு வாங்கி மூணு பக்கம் அடுப்பாட்டம் வெச்சோம். பாக்க அவ்வளவு அழகு! கால்மணி நேரத்துல படார்னு ஒரு சத்தம். கல்லு வெடிச்சு சில்லு தெறிச்சு எதுத்த செவுத்துல அடிச்சுது. நல்லவேளை பையன் கீழ இருந்தான். கல்லு கொத்தறவருகிட்டப் போயி அப்பா சொன்னா, அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "நெருப்பு வெக்கறதுன்னு சொல்லியிருந்தா குடுத்திருக்கவே மாட்டனுங்களே"ன்னாரு. இப்ப செங்கல், அதுக்கு நடுவுல சித்தாளுங்க தூக்கற இரும்புச் சட்டி, மேல கம்பி வலை.

மொத வாரம் சிக்கன் வெளிய கரி, உள்ள பச்சை. ரெண்டாவது வாரமும் அதேதான். மூணாவது வாரம் அப்பா சொன்னாரு, "நெருப்பு எரியறப்பச் சுடாத, நெருப்பு தூங்கறப்பச் சுடு." கரி மேல சாம்பல் பூத்து வெள்ளையா ஆகற வரைக்கும் காத்திருக்கோணும். முக்கால் மணி நேரம் ஆவுது. அப்பறம் கரியை ஒரு பக்கமா ஒதுக்கிரோணும். கறியைத் தணல் இல்லாத பக்கம் வெச்சு மூடி வேகவிட்டு, கடைசி அஞ்சு நிமிசம் தணல் பக்கம் தள்ளி நெறம் ஏத்தோணும். தொடை எலும்புக்குப் பக்கத்துல கத்தியில குத்துனா வர்ற தண்ணி செவப்பா இல்லாமத் தெளிவா வந்தாத்தான் வெந்ததா அர்த்தம் (சமையல் தெர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி).

மசாலா எங்களது. தயிர் இல்ல, கலர் பொடி இல்ல. பள்ளிபாளையம் சிக்கன் தெரியுமில்ல, வரமொளகா, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காச் சில்லு, அந்தக் கணக்குதான். வரமொளகாயை வெந்நித்தண்ணியில ஊறவெச்சு, சின்ன வெங்காயம், கல்லுப்பு சேத்து அரைச்சு, கீறிவிட்ட லெக் பீஸ்ல பூசி ராத்திரி பூரா வெச்சர்றோம். சுடறப்ப நல்லெண்ணெயில கறிவேப்பிலைக் கொத்தை முக்கி அதாலயே தடவறது அம்மாவோட யோசனை. பிரஷ் தேவையில்ல. கொத்தும் லேசாக் கருகி அந்த வாசம் கறியில ஏறிக்குது.

போன சனிக்கிழமை அப்பா கடைக்குப் போயிட்டு வந்தாரு. பையில ஒரு சின்ன பீர் பாட்டில். பொடக்காணிப் பக்கம் போகல. வாசப்பக்கமா வந்து, படி ஏறி மாடிக்கு வந்து, தணலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு எங்களைப் பாத்து உக்காந்தாரு. "கிளாஸ் ஒண்ணு கொண்டாம்மா"ன்னாரு. அம்மாதான் எடுத்துட்டு வந்தாங்க, எவர்சில்வர் டம்ளர். அதுலதான் குடிச்சாரு. எனக்கும் நங்கைக்கும் நன்னாரி சோடா. பையனுக்கு வெறும் தண்ணி, ராத்திரில சக்கரை வேண்டாம்னு.

பேச்சு வாக்குல நோம்பிக்குக் கெடா வெட்டறப்ப அப்புச்சி சுவரொட்டி சுட்டுக் குடுக்கறதைச் சொன்னேன். மண்ணீரலைத்தான் சுவரொட்டிம்போம். கையில ஒட்டற மாதிரி கருஞ்செவப்பா இருக்கும். கம்பியில குத்தித் தணல்ல காட்டி, வெடிச்சு உப்பிக்கிட்டு வர்றப்ப எடுத்து, கல்லுப்பு ரெண்டு வெச்சு, "ரத்தம் ஊறும், தின்னு சாமி"ன்னு என் வாயிலயே ஊட்டுவாரு. அதுக்கப்பறம் நான் சாப்பிட்டதே இல்ல.

அப்பா ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில கறிக்கடைக்குப் போயி பாய்கிட்டச் சொல்லி வெச்சுட்டு வந்துட்டாரு. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதானாம், கேட்டு வர்றவங்க அதிகமாம். வர்ற ஞாயித்துக்கிழமை வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே வந்துரோணும்னு பாய் சொல்லியிருக்காரு. அப்பா இப்பவே அலாரம் அஞ்சு மணிக்கு வெச்சுட்டாரு.